வஞ்சிரத்துக்கு டாட்டா

அத்தியாயம் 17

போன வாரம் டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு மணலியிலிருந்து ஒரு வாசகி போன் செய்து என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "ஏழு வயசுக் குழந்தைகிட்டேர்ந்து பூனையைப் பிடுங்குறீங்களே, நியாயமா?" என்று கேட்டார். நியாயமில்லைதான் அம்மா. ஆனால் அந்த டாக்டர் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கும் வழியில்லை.

"புகை, தூசி, பூனை முடி. மூணுமே தன்ஷிகாவுக்கு ஆகாது. இதுல எதை உங்களால வீட்டை விட்டு அனுப்ப முடியுமோ அதை அனுப்பிடுங்க." அவர் சொன்னது இவ்வளவுதான்.

அவர்கள் குடியிருக்கிற எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வாசலில் நின்றாலே அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள் தெரியும். மாடியில் காயப்போட்ட துணியை உதறினால் சாம்பல் கொட்டும். மூன்றில், கையால் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் விடக்கூடியது பூனை ஒன்றுதான். அதனால் தன்ஷிகாவின் அம்மா நர்மதாவும் அப்பா வெற்றியும் அதிகம் யோசிக்கவில்லை. மாதத்தில் மூன்றாவது தடவையாக மகள் இழுப்பில் துவண்டு கிடந்ததைப் பார்த்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

பூனையின் பேர் வஞ்சிரம். பேர் வைத்தது தன்ஷிகா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நர்மதா மீன் ஆய்கிற மார்க்கெட்டிலிருந்து பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட குட்டி அது. "அதுக்கே வஞ்சிரம்னு பேர் வெச்சிட்டா, அது வஞ்சிரத்த துன்னாதும்மா" என்று அன்றைக்கு அவள் சொன்ன நியாயத்துக்கு வீடே சிரித்தது. பூனை அந்த நியாயத்தை ஒரு நாளும் மதித்ததில்லை.

எம்.கே.பி. நகரில் வெற்றியின் தங்கை ரேகா இருக்கிறாள். ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி. பூனையை அவள் வளர்ப்பதாகச் சொல்லிவிட்டாள். எல்லாம் முடிவாகிவிட்டது. மகளிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

அதற்குத்தான் நர்மதா ஒரு கார்ட்டூனைப் பிடித்தாள்.

---

செல்போனில் தேடியபோது கிடைத்தது. பதினோரு நிமிஷம் ஓடும். ஏதோ பனி கொட்டுகிற தேசத்தில் எடுத்து, தமிழில் பேச வைத்திருந்தார்கள். கிட்டு என்று ஒரு கரடிக்குட்டி. அது ஒரு வாத்துக்குஞ்சை வளர்க்கிறது. குளிர் காலம் வந்துவிடுகிறது. வாத்து தெற்கே பறந்து போயே ஆகவேண்டும். கிட்டு தரையில் விழுந்து புரண்டு அழுகிறது.

கிட்டுவின் அம்மாக் கரடி கத்துவதில்லை. முதுகில் ஒன்று வைப்பதில்லை. அதற்கு அடுப்பில் குழம்பும் கொதிக்கவில்லை. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, சுத்தமான தமிழில் சொல்கிறது: "மூன்று காரியம் செய், கண்ணே. அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல். உன்னுடையது ஒன்றை அதற்குக் கொடு. கண்ணுக்கு மறைகிற வரை கை காட்டு. மனசு லேசாகிவிடும்." கிட்டு மூன்றையும் செய்கிறது. வாத்து பறந்து போகிறது. கிட்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. ஒரு பாட்டு வருகிறது.

நர்மதாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அழுகிற குட்டியைப் பார்த்து அவளும் கொஞ்சம் அழுதாள். நாலு நாளில் தன்ஷிகா அதை ஒன்பது தடவை பார்த்தாள். ஒன்பதாவது தடவைக்கு அப்புறம் நர்மதா மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

தன்ஷிகா புரண்டு அழவில்லை. "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"வெள்ளிக்கெயம. நீ ஸ்கூல்லேர்ந்து வந்தப்பறம், அஞ்சு மணிக்கு."

"மூணும் பண்ணிட்டுத்தான் அனுப்பணும்."

"பண்ணிட்டுத்தான்."

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

---

காலையில் தன்ஷிகா சீக்கிரமே எழுந்துவிட்டாள். தலைக்குக் கட்டுகிற பச்சை ரிப்பனை வஞ்சிரத்துக்குக் கொடுக்கப்போகிறாள். அதைத் துவைத்து, கொடியில் போட்டிருந்தாள். நல்ல வார்த்தையையும் யோசித்து வைத்திருந்தாள். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டாள்.

"இட்லி துன்னு மொதல்ல," என்றாள் நர்மதா. அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பவேண்டும்.

"ம்மா, அடுத்த நாளு கிட்டு இன்னா பண்ணுச்சி?"

"எந்த அடுத்த நாளு?"

"வாத்து போச்சுல்ல. அதுக்கு அடுத்த நாளு."

நர்மதா யோசித்துப் பார்த்தாள். அந்தக் கார்ட்டூனில் அடுத்த நாள் என்று ஒன்று வரவே இல்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஸ்கூலுக்குப் போயிருக்கும்," என்றாள். "துன்னு. ஆட்டோ வந்துரும்."

மகள் அரை இட்லியோடு நிறுத்திக்கொண்டாள். ஆட்டோ ஏறுகிறபோது வெற்றியிடம் விரலைக் காட்டி எச்சரித்தாள். "நைனா, நான் வர்றதுக்கு மின்னாடி வஞ்சிரத்த எங்கயும் இட்டுகினு போவக் கூடாது."

வெற்றி தலையாட்டினான். ஆட்டினான்தான். ஆனால் அந்தத் தலையாட்டலில் அவனுக்கே நம்பிக்கை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

---

வெற்றி காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். இது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கிறது, ஆளும் கரையில் நிற்கிறான். இரண்டு மாதமாக மகள் எழுந்திருப்பதையும் தூங்குவதையும் கிட்டே இருந்து பார்க்கிறான். மற்ற மாதங்களில் அவன் கிளம்புகிறபோது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் வழியனுப்பியது கிடையாது. கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. பின்னால் கூப்பிடக் கூடாது. வாசலில் நின்று கை ஆட்டக் கூடாது. ஆட்டினால் அதுவே கடைசியாகிவிடும் என்று ஒரு பயம். வெற்றியின் அப்பா காலத்திலும் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டால் பெண்கள் உள்ளே திரும்பி ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

பதினோரு மணிக்கு வெற்றி அந்த வழக்கத்தைப் பூனைக்கும் செய்தான்.

மீன் கூடையில் பழைய லுங்கியைப் போட்டு, வஞ்சிரத்தை உள்ளே வைத்து, மேலே வலைத்துண்டைக் கட்டினான். பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். எண்ணூரிலிருந்து எம்.கே.பி. நகர் வரைக்கும் அது விடாமல் கத்திக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரேகா கதவைத் திறந்தவுடனேயே அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பாப்பாவும் வரும்னு கேசரி கிண்டி வெச்சேன். எங்கணா?"

"ஸ்கூலுக்குப் போய்க்கீது."

"சாயந்தரம்னுதான அண்ணி சொன்னாங்க?"

"நம்ம வூட்ல யாருன்னா போறவங்களுக்கு டாட்டா காட்டிகினு கீறோமா? வாசல்ல நின்னு அயுது, இயுப்பு வந்துச்சின்னா யாரு பாக்கறது? கண்ணுல படாம போய்ட்டா ரெண்டு நாள்ல மறந்துரும்."

கூடையைத் திறந்ததும் வஞ்சிரம் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. வெற்றி படியிறங்குகிறபோது அது மறுபடியும் கத்தியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்ய அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

---

நாலு மணிக்கு தன்ஷிகா வந்தாள். கொஞ்ச நேரத்தில் நர்மதாவும் வந்துவிட்டாள். அவள் கையில் ஒரு பொட்டலம். இன்றைக்காவது நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று மீன் தலைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தன்ஷிகா கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்கு மேலே பார்த்தாள். தண்ணி டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள். அப்புறம் கொடியிலிருந்த பச்சை ரிப்பனை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"துன்னுட்டு போச்சா?"

"துன்னுச்சிம்மா."

"அயுதுச்சா?"

வெற்றி வலை பின்னுகிற ஊசியை எடுத்து எதையோ தேடுகிற மாதிரி பார்த்தான். "இல்ல," என்றான்.

நர்மதா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். எட்டு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை. சத்தம் போட்டால் குழந்தை பயந்துவிடும் என்று சமையல் கட்டுக்கு அவனைக் கூப்பிட்டுப் போய் மெதுவாகவே கேட்டாள்.

"அஞ்சு மணின்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்பறம் இன்னாத்துக்குய்யா?"

"அது அயுவறத பாக்க எனுக்கு தெம்பு இல்லமே."

"நாலு நாளா பாப்பாவ தயார் பண்ணிகினு கீறேன். ஒரு கரடிக்குத் தெரிஞ்சது உனுக்குத் தெரில."

"கரடிக்கு இன்னா, கடலுக்கா போவுது?" என்றான் வெற்றி. "எங்க வூட்ல எப்டியோ அப்டித்தான் செஞ்சேன். தப்புன்னா தப்புதான். இப்ப இட்டுகினு போறேன் வா."

அவன் வெளியே வந்து மகள் முன்னால் குந்தினான். "பாப்பா, வா. வண்டில குந்து. அத்த வூட்டுக்குப் போய் நீயே ரிப்பன் கட்டிட்டு வந்துரலாம். மூணும் பண்ணிட்டு வரலாம்."

தன்ஷிகா தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"ஏம்மா? அத்த கேசரி செஞ்சி வெச்சிகீது."

மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அழுதிருந்தால் நர்மதாவுக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். பூனையைக் கேட்டு அடம்பிடித்திருந்தால்கூட ஏதாவது செய்திருப்பாள். இந்த மௌனத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீ போட்டாள். பிஸ்கட் கொடுத்தாள். போய் விளையாடச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான் பதில்.

"இயுக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டல்.

"பஃப் அடிச்சிக்கிறியா?" என்று இன்ஹேலரை நீட்டினாள்.

"வாணாம். எனுக்கு நல்லா கீது."

சரி, கரடி சொன்னது வேலை செய்கிறது போலிருக்கிறது, பிள்ளை மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டது என்று நர்மதா நினைத்தாள். கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். அதை நினைத்து அவள் எத்தனை நாள் தன்னையே திட்டிக்கொள்ளப்போகிறாளோ, நான் அறியேன்.

---

ஆறு மணிக்கு விளக்கு போட்டுவிட்டு வந்தவள், மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. தன்ஷிகா வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு தோளும் மேலே மேலே ஏறி இறங்கின. தொண்டைக்குக் கீழே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. நர்மதா கவுனைத் தூக்கிப் பார்த்தாள். விலா எலும்பெல்லாம் எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

"பாப்பா, வாயத் தொற."

தன்ஷிகா திறக்கவில்லை.

"தொறடி."

திறந்ததும் அந்தச் சத்தம் வந்தது. மாதத்தில் மூன்று தடவை கேட்ட அதே விசில் சத்தம். உதடு வெளுத்துப் போயிருந்தது.

வெற்றி சட்டைகூடப் போடாமல் பைக்கை எடுத்தான். நடுவில் மகள், பின்னால் நர்மதா. பைக் ஓடும்போதே நர்மதா மகளுக்கு இரண்டு தடவை பஃப் அடித்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் சைக்கிள் புக இடமில்லை. வெற்றி ஹார்னை அழுத்தினான், கத்தினான், ஒரு டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டான். அந்த டிரைவர் இறங்கி வந்து குழந்தையைப் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "நானும் நாலு மணி நேரமா நவுரவே இல்லப்பா," என்றார் பாவமாக.

கடைசியில் எதிர்ப்பக்கமாக, ஓரத்து மண்ணில், உருட்டியும் ஓட்டியும் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். முப்பத்தைந்து நிமிஷம். அவ்வளவு நேரமும் நர்மதாவின் கை மகளின் நெஞ்சில் இருந்தது. மூச்சு நின்றுவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

---

நர்ஸ் மாஸ்க்கை மாட்டினார். மருந்துப் புகை மேலே வந்தது. பத்து நிமிஷத்தில் குழந்தையின் தோள் கொஞ்சம் இறங்கியது.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

"இப்பத்தான் சார், ஆறு மணிக்கு," என்றாள் நர்மதா.

மாஸ்க்குக்குள்ளிருந்து தன்ஷிகா சொன்னாள். "காலைலேர்ந்து."

டாக்டர் நர்மதாவைப் பார்த்தார். "இன்னொரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன். ராத்திரி இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்மதா மகளின் காதருகே குனிந்தாள். "ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அஞ்சு மணிக்கு முன்னாடியே அத அனுப்பிருவீங்க."

"அதான் போய்ட்சேம்மா. அப்பறம் கூட ஏன் சொல்லல?"

"இயுப்பு இருந்தா எப்டி வரும்?"

"யாரு?"

"வஞ்சிரம். இயுப்பு போச்சின்னா வந்துரும்ல. கிட்டுவுக்கு வந்துச்சே."

"எங்க வந்துச்சி? வாத்துதான் பறந்து போய்ட்சே."

"கடசீல வந்துச்சிம்மா."

நர்மதாவுக்குப் புரியவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்து போனைத் திறந்தாள். பாட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குத் தள்ளினாள். அங்கேதான் அவள் ஒவ்வொரு தடவையும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். பாட்டு வந்தால் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

முடியவில்லை. பாட்டுக்கு அப்புறம் நாற்பது நொடி பாக்கி இருந்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது. புல் முளைக்கிறது. கிட்டு கதவைத் திறக்கிறது. வானத்திலிருந்து ஒரு பெரிய வாத்து இறங்கி வந்து கிட்டுவின் தலையிலேயே உட்காருகிறது. அம்மாக் கரடி சிரித்துக்கொண்டே சொல்கிறது: "குளிர் போய்விட்டதல்லவா? அதனால்தான் வந்துவிட்டது."

குளிர் யாருடைய தப்பும் இல்லை. கிட்டு அதை நெஞ்சுக்குள் அடக்கிவைக்கவும் வேண்டியதில்லை. தன்ஷிகாவுக்கு எது போனால் பூனை வரும் என்று நர்மதாவுக்கு இப்போது விளங்கியது. சாயந்தரத்திலிருந்து இழுப்பு போய்விட்டதாகக் காட்டத்தான் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. நர்மதா அந்த வராந்தா சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. அழுகிற குட்டியை அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைக்க அவர்களுக்கும் மனசு வந்திருக்காது.

வாசல் பக்கம் வெற்றி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அந்தப் பக்கம் ரேகா.

"ணா, உன்கிட்ட எப்டி சொல்றதுன்னே தெரில. தண்ணி கேன் போடறவரு வந்தாரு. கதவு தொறந்து கெடந்துச்சி. நாலரைலேர்ந்து பூனைய காணம்ணா. எல்லா பிளாக்லயும் தேடிட்டேன். ரோடு வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்."

வெற்றி, "அண்ணிகிட்ட சொல்லாத," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். நர்மதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

அப்பாவைப் பார்த்ததும் தன்ஷிகா மாஸ்க்கைக் கழற்றினாள். "நைனா, இப்ப இயுக்கல. பாரேன்," என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் காட்டினாள். பாதியில் அது சிக்கிக்கொண்டது. இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்தி அதை உள்ளேயே அடக்கிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா? நல்லா ஆய்டிச்சி. வஞ்சிரம் எப்ப வரும்?"

வெற்றி நர்மதாவைப் பார்த்தான். நர்மதா, எதையும் சொல்ல வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அந்தப் பூனை இனி அந்த வீட்டுக்குள் வர முடியாது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அது இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்பது அந்த அறையில் வெற்றிக்கு மட்டும்தான் தெரியும்.

"நாளிக்கி," என்றான் வெற்றி.

தன்ஷிகா தானாகவே மாஸ்க்கை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, மருந்து சீக்கிரம் தீரட்டும் என்று வேகவேகமாக மூச்சை இழுக்க ஆரம்பித்தாள்.